ஜார்ஜ் ஸ்டீபன்ஸன்

நமது சங்கத்தின் ஆண்டு விழா மலருக்குப் பெரியார் ஒருவரின் வரலாற்றை எழுதித் தருமாறு செயலாளர் பணித்தபொழுது, நமக்கு இவருடைய பெயரைத் தவிர வேறு பெயர் தோன்றவில்லை. நம்மில் பெரும்பாலோர் பிறந்த மண்ணை விட்டு இவ்வூருக்கு வந்து சேர்ந்தது ரயிலில். அந்த ரயிலிலேயே ஊழியம் பார்த்து உண்பவர்களும் இங்குப் பலர் உளர். இருப்புப்பாதையின் தந்தை என்று உலகம் போற்றும் ஸ்டீபன்ஸனை நாம் நினையாவிடில் வேறு யார் நினைப்பர்?

இங்கிலாந்தின் வடபகுதியில், நியூகாஸில் நகருக்கு அண்மையில் வைலம் என்னும் சுரங்கச் சிற்றூரில், 1781-ஆம் ஆண்டு ஜூன் 9-ஆம் நாள் ஜார்ஜ் பிறந்தார். தந்தையார் நிலக்கரிச் சுரங்கத்தில் நீரிறைக்கும் யந்திரத்திற்குத் தீயிடும் தொழிலாளி. குடும்பம் முழுதும் ஒரே அறையில் வாழ்ந்தது. ஆறு குழந்தைகளுக்குச் சோறிட்டபின் பள்ளிச் சம்பளத்திற்குப் பணம் ஏது? சிறுவன் ஜார்ஜ் மாடு மேய்த்தான். பின் கரியில் கலந்த கல்லைப் பொறுக்கினான். பின் தந்தையைப் போலத் தீயிட்டான். பதினேழாம் வயதில் யந்திரத்தை இயக்கும் பொறுப்பு வந்தது. ஆயினும் தம் பெயரைத் தாமே எழுத அறியார். பதினெட்டாம் வயதில்தான் இரவுப் பள்ளிக்குச் சென்று எழுத்தும் கணக்கும் கற்றார். ஓய்வு நேரத்தில் செருப்புத் தைத்தும் கடிகாரம் பழுதுபார்த்தும் நாலு காசு சேர்த்தார்.

1802-இல் மணம் புரிந்தார். மறு ஆண்டு மகன் ராபர்ட் பிறந்தான். அடுத்துப் பிறந்த பெண் மகவு சில வாரங்களிலேயே இறந்தது. 1806-இல் காசநோய் மனைவியையும் கொண்டு சென்றது. மனம் நொந்த அவர் பிழைப்புத் தேடி ஸ்காட்லாந்து சென்றார். திரும்பி வந்தபோது தந்தை விபத்தில் கண்ணிழந்து கிடந்தார். அந்தக் கடனையும் சுமந்துகொண்டு கில்லிங்வொர்த் சுரங்கத்தில் உழைத்தார். தாம் இழந்த கல்வி மகனுக்கேனும் வாய்க்க வேண்டுமென்று ராபர்ட்டை நியூகாஸிலில் நல்ல பள்ளிக்கு அனுப்பினார். மாலையில் மகன் கொண்டுவரும் பாடத்தைத் தந்தையும் உடனமர்ந்து கற்றார் என்பதை எண்ணுந்தோறும் நமக்கு மெய்சிலிர்க்கிறது.

ரயில் யந்திரத்தை முதன்முதலில் ஸ்டீபன்ஸனே படைத்தார் என்று பலர் கருதுவது தவறு. 1804-லேயே டிரெவிதிக் என்பவர் தண்டவாளத்தின்மீது நீராவி வண்டியை ஓட்டிவிட்டார். ஸ்டீபன்ஸனுடைய முதல் யந்திரம் 1814-இல் தோன்றியது. அது 30 டன் கரியை மணிக்கு 4 மைல் வேகத்தில் இழுத்தது. ஆனால் யந்திரம், தண்டவாளம், பாலம், சரிவு யாவையும் ஒன்றாக எண்ணி, நம்பி ஏறத்தக்க பாதையாக ஆக்கிக் காட்டியவர் இவரே.

1815-இல் சுரங்க வாயு வெடித்துத் தொழிலாளர் மாள்வதைத் தடுக்க ஒரு விளக்கை அமைத்து, தாமே அதை வாயு நிறைந்த சுரங்கத்துள் கொண்டு சென்று சோதித்தார். அதே காலத்தில் லண்டனில் ஸர் ஹம்ப்ரி டேவியும் ஒரு விளக்கைக் கண்டார். படிப்பறியாத யந்திரத் தொழிலாளிக்கு இது எப்படிக் கைகூடும், திருடியிருப்பான் என்றனர் கற்றோர். டேவிக்கு 2,000 பவுன் பரிசு கிடைத்தது. வடபகுதி மக்கள் தாமே 1,000 பவுன் திரட்டி ஸ்டீபன்ஸனுக்கு அளித்தனர். 1833-இல்தான் பார்லிமெண்டுக் குழு அவருக்கும் சம உரிமை உண்டென்று ஒப்பியது.

இதனினும் பெரிய அவமானம் 1825-இல் வந்தது. லிவர்பூலிலிருந்து மான்செஸ்டருக்குப் பாதையிட அனுமதி கோரும் மசோதாவின்மேல் பார்லிமெண்டுக் குழுவின்முன் அவர் சாட்சி கூற நேர்ந்தது. எதிர்த்தரப்பு வக்கீல் ஆல்டர்ஸன் குறுக்கு விசாரணையில் அவரைப் பிழிந்தெடுத்தார். அவருடைய வட்டார உச்சரிப்பு லண்டன் பெருமக்களுக்கு நகைப்பாயிற்று. (பிற மொழியாரிடையே வாழ்ந்து, நம் உச்சரிப்புக்குப் பிறர் சிரிப்பதைக் கேட்டுப் பழகிய நமக்கு இதை விரித்துரைக்க வேண்டுவதில்லை.) எனினும் உண்மையை மறைத்தல் ஆகாது. நில அளவையில் மட்டக் கணக்குகள் பிழையாகவே இருந்தன. அளந்தவர்கள் உதவியாளர்கள், சரிபாராமல் ஏற்றவர் ஸ்டீபன்ஸன். கையொப்பம் இட்டவரே பொறுப்பாளி என்பது ரயில்வே உத்தியோகத்தில் நாம் நாள்தோறும் காணும் விதியன்றோ! மசோதா வீழ்ந்தது. பணி வேறு பொறியாளரிடம் சென்றது.

அவ்வாண்டு செப்டம்பர் 27-ஆம் நாளே ஸ்டாக்டன்–டார்லிங்டன் பாதை திறக்கப்பட்டது. நூற்றுக்கணக்கான மக்களை ஏற்றிய வண்டித்தொடரை ஸ்டீபன்ஸன் தாமே ஓட்டிச் சென்றார். 2025-இல் அந்நாளுக்கு இருநூறு ஆண்டுகள் நிறைந்தன. மறு ஆண்டு மான்செஸ்டர் மசோதா நிறைவேறியது; வேலையும் மீண்டும் அவரிடமே வந்தது. வழியில் சாட் மாஸ் என்னும் பெருஞ்சதுப்பு. அதன்மேல் பாதை நில்லாது என்று பலரும் கைவிரித்தனர். அவர் புதரும் தழையும் பின்னிய தட்டிகளைப் பரப்பி, அதன்மேல் பாதையை மிதக்கவிட்டார். இன்றும் அங்கு ரயில்கள் ஓடுகின்றன.

1829 அக்டோபரில் ரெயின்ஹில் என்னுமிடத்தில் 500 பவுன் பரிசுக்கு நடந்த போட்டியில் ராக்கெட் யந்திரம் ஒன்றே சோதனையை முற்ற முடித்தது. அதன் அமைப்பில் பெரும்பங்கு மகன் ராபர்ட்டினுடையது. கொதிகலனில் பல குழாய்களை வைக்கும் யோசனை ஹென்றி பூத்துடையது. 1830 செப்டம்பர் 15-ஆம் நாள் திறப்பு விழாவிலோ, பாதையில் இறங்கி நின்ற ஹஸ்கிஸன் என்னும் பார்லிமெண்டு அங்கத்தினர் அதே ராக்கெட்டில் அடிபட்டார். ஸ்டீபன்ஸன் தாமே அவரை மற்றொரு யந்திரத்தில் ஏற்றி மணிக்கு 36 மைல் வேகத்தில் விரைந்தார். அன்றிரவே அவர் உயிர் நீத்தார். அவ்வளவு வேகமாக மனிதன் அதற்குமுன் சென்றது அரிது. அது ஒரு சாவை வெல்லப் போதவில்லை.

அவர் கையாண்ட 4 அடி 8½ அங்குல அகலமே இன்று உலகின் பெரும்பகுதிக்கு அளவு. நம் நாட்டு அகலப்பாதை மட்டும் 5 அடி 6 அங்குலம்.

முதுமையில் செஸ்டர்பீல்டு நகரருகே டாப்டன் மாளிகையில் தோட்டம் வளர்த்தார். வளைந்து காய்க்கும் வெள்ளரி அவருக்குப் பொறுக்கவில்லை. பிஞ்சுகளைக் கண்ணாடிக் குழாய்களில் நுழைத்து நேராக வளரச் செய்தார்! 1848 ஆகஸ்டு 12-ஆம் நாள், அறுபத்தேழாம் வயதில் காலமானார். 1859-இல் மறைந்த ராபர்ட்டை வெஸ்ட்மின்ஸ்டர் ஆலயத்தில் பெருஞ்சிறப்புடன் அடக்கினர். தந்தையோ செஸ்டர்பீல்டில் தம் ஊர்க் கோயிலிலேயே துயில்கின்றார்.