கோப்பியின் வீழ்ச்சி உணர்த்தும் பாடம்

கண்டி மலைகளின் கோப்பித் தோட்டங்களை அழித்த இலைத்துரு நோய் 1869இல் அறியப்பட்டது. அதனை ஆராய 1880இல் இலங்கை வந்தார் ஆங்கிலேயத் தாவரவியலாளர் ஹரி மார்ஷல் வார்ட். 1854இல் பிறந்த அவருக்கு அப்போது வயது முப்பதுகூட நிரம்பவில்லை.

காற்றில் பரவும் பூஞ்சண வித்துகளே நோயைப் பரப்புகின்றன என்றும், அவை முளைத்து இலைக்குள் புகுந்தபின் மருந்து பயன்படாது என்றும் அவர் நிறுவினார். மலை முழுவதும் இடைவெளியின்றி ஒரே பயிரை நட்டதன் ஆபத்தையும் சுட்டிக்காட்டினார். தோட்டத்துரைமார் எதிர்பார்த்த மருந்து கிடைக்கவில்லை. 1882இல் வார்ட் நாடு திரும்பினார். தோட்டங்கள் அழிந்தன, அவற்றை நம்பி வந்த தமிழ்த் தொழிலாளர் பலர் பிழைப்பிழந்தனர். பின்னர் கேம்பிரிட்ஜ் பேராசிரியரான வார்ட் 1906இல் காலமானார்.

பயிரிடும் முறையைத் திருத்தாது பூச்சிநாசினியை மட்டும் கூட்டினால் மண்ணும் நீருமே நஞ்சாகும். இதை நாம் இனியேனும் உணர வேண்டும்.