நூலகத்தை விட்டு ஓட நினைத்த நூலகர்

சுங்காயிலிருந்து தெற்கே செல்லும் ரயில் பாதையில் சிலிம் ரிவர், பேராங் ஆகிய ஊர்களைத் தாண்டினால் தஞ்சோங் மாலிம் வரும். 1922ஆம் ஆண்டில் மலாய் ஆசிரியர்களுக்கான பயிற்சிக் கல்லூரியாகத் தொடங்கி, இன்று சுல்தான் இட்ரிஸ் கல்வியியல் பல்கலைக்கழகமாக வளர்ந்திருக்கும் உப்சி அங்கேதான் இருக்கிறது. ஆசிரியராக வேண்டும் என்ற கனவோடு பேராக் மாநிலத்துச் சிற்றூர்களிலிருந்து நம் பிள்ளைகளும் அங்கே போகிறார்கள். அந்த வளாகத்தில் துவாங்கு பைனுன் நூலகம் இருக்கிறது. ஆனால், எந்தப் பல்கலைக்கழகமாக இருந்தாலும், இடுபணியை ஒப்படைக்கும் நாள் நெருங்கிய பிறகுதான் நூலகத்தின் வாசலை மிதிக்கும் மாணவர்கள் உண்டு.

அப்படித் தயங்குகிறவர்கள் வெட்கப்பட வேண்டியதில்லை. உலக நூலகத் துறை தன் முன்னோடிகளுள் ஒருவராகப் போற்றும் ஒரு தமிழரே, வேலைக்குச் சேர்ந்த சில நாள்களில் நூலகத்தை விட்டு ஓடிவிட நினைத்தவர்தான். அவர் ஒரு கணித ஆசிரியர். பெயர் சீர்காழி இராமாமிர்த ரங்கநாதன்.

1892ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம், அன்றைய தஞ்சாவூர் மாவட்டத்தைச் சேர்ந்த சீர்காழியில் அவர் பிறந்தார். ஆறு வயதிலேயே தந்தையை இழந்தார். அவருக்குப் பேச்சில் திக்கலும் இருந்தது. ஆசிரியர் வேலைக்கு இதைவிடப் பெரிய தடை வேறு என்ன வேண்டும்? ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை. சென்னைக் கிறிஸ்துவக் கல்லூரியில் கணிதத்தில் முதுகலைப் பட்டம் வரை படித்தார். பிறகு சைதாப்பேட்டை ஆசிரியர் கல்லூரியில் பயிற்சி பெற்றார். அதாவது, இன்று கல்வித் துறையில் படிக்கும் மாணவர்கள் நடக்கும் அதே பாதையில்தான் அவரும் நடந்தார். 1917ஆம் ஆண்டு முதல் மங்களூரிலும் கோயம்புத்தூரிலும் கற்பித்துவிட்டு, சென்னை மாநிலக் கல்லூரிக்கு வந்து சேர்ந்தார்.

அவருக்கு வகுப்பறைதான் உயிர். ஆனால் அன்றைய கல்லூரி ஆசிரியர் சம்பளம் குடும்பத்துக்குப் போதவில்லை. அந்த நேரத்தில் சென்னைப் பல்கலைக்கழகம் தன் முதல் நூலகரைத் தேடியது. நண்பர்கள் வற்புறுத்த, அவரும் விண்ணப்பித்தார். நூறு நூறாக விண்ணப்பங்கள் குவிந்தன. முறையாக நூலகப் பயிற்சி பெற்றவர் என்று ஒருவரும் அவற்றில் இல்லை. ரங்கநாதனுக்கும் அந்தத் துறையைப் பற்றித் தெரிந்ததெல்லாம், நேர்காணலுக்குச் சில நாள்களுக்கு முன் கலைக்களஞ்சியத்தில் படித்த ஒரு கட்டுரைதான். வேலை அவருக்கே கிடைத்தது.

1924ஆம் ஆண்டு ஜனவரியில் பொறுப்பேற்றார். நூல்கள் இருந்தன, அலமாரிகள் இருந்தன. வாசகர்கள் மட்டும் இல்லை. நாள் முழுவதும் மாணவர்களின் கேள்விகளுக்கு நடுவே இருந்து பழகியவருக்கு அந்த அமைதி தாங்க முடியாததாக இருந்தது. சில நாள்களிலேயே மாநிலக் கல்லூரிக்குப் போய், பழைய வேலையைத் திரும்பக் கேட்டார். அப்போது ஓர் உடன்பாடு ஏற்பட்டது. முதலில் இங்கிலாந்து சென்று நூலகப் பணியைக் கற்று வர வேண்டும். அதன் பிறகும் மனம் ஒப்பவில்லை என்றால் கணித வகுப்புக்கே திரும்பிவிடலாம்.

லண்டனில் யூனிவர்சிட்டி கல்லூரியின் நூலகப் பள்ளியில் சேர்ந்தார். பாடம் கேட்டதோடு நிற்காமல், இங்கிலாந்தில் நூற்றுக்கும் மேற்பட்ட நூலகங்களை நேரில் சென்று பார்த்தார். அங்கே குழந்தைகள் வந்தார்கள், தொழிலாளர்கள் வந்தார்கள். நூலகர் எழுந்து போய் அவர்களுக்கு உதவினார். சென்னையில் தான் விட்டு வந்த வெறுமைக்கும் இந்தக் காட்சிக்கும் இருந்த வேறுபாடு அவருக்குப் புரிந்தது. குறை நூல்களில் இல்லை. வாசகருக்காக நூலகத்தைத் திறந்து வைக்காததில்தான் இருந்தது. 1925ஆம் ஆண்டு ஊர் திரும்பியபோது கணித வகுப்பை அவர் மீண்டும் கேட்கவில்லை. நூலகத்தையே தன் வகுப்பறையாக்கிக்கொண்டார்.

பிறகு நடந்தவை இன்று நமக்குச் சாதாரணமாகத் தெரியலாம். அடைத்து வைத்திருந்த அலமாரிகளை வாசகர்களுக்குத் திறந்துவிட்டார். யார் வேண்டுமானாலும் நூலைத் தொட்டு, புரட்டி, தேர்ந்தெடுக்கலாம் என்றாக்கினார். நூலகம் திறந்திருக்கும் நேரத்தை நீட்டினார். கேள்வியோடு வருகிறவருக்கு உதவுவதற்கென்றே பணியாளர்களை அமர்த்தினார். 1928ஆம் ஆண்டு சென்னை நூலகச் சங்கம் உருவாகப் பாடுபட்டார். அடுத்த ஆண்டே நூலகப் பயிற்சி வகுப்புகளையும் தொடங்கினார். 1936ஆம் ஆண்டு பல்கலைக்கழக நூலகம் மெரினா கடற்கரையை ஒட்டித் தனக்கென எழுந்த கட்டடத்துக்கு மாறியது. இருபது ஆண்டுகளில் அவர் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்கவில்லை என்று சொல்வார்கள்.

தம் அனுபவத்தை ஐந்து விதிகளாகச் சுருக்கி, 1931ஆம் ஆண்டு நூலாக வெளியிட்டார். உலகெங்கும் நூலகவியல் மாணவர்கள் இன்றும் முதலில் படிப்பவை அவை. அவற்றின் சாரம் எளியது. நூல் பூட்டிவைப்பதற்கு அல்ல, பயன்படுத்துவதற்கு. எந்த வாசகரும் தமக்குத் தேவையான நூல் கிடைக்காமல் திரும்பக் கூடாது. எந்த நூலும் தன்னைத் தேடும் வாசகரைச் சேராமல் கிடக்கக் கூடாது. வாசகரின் நேரம் வீணாகக் கூடாது. ஐந்தாவதாக, நூலகம் கட்டி முடித்துவிட்ட ஒன்று அல்ல. ஓர் உயிரைப் போல வளர்ந்துகொண்டே இருப்பது. ஏடும் மையும் மட்டும் இருந்த காலத்தில் சொன்ன அந்த ஐந்தாவது விதிக்குள், இன்றைய மின்னூல்களும் இயங்கலைத் தரவுத்தளங்களும் இயல்பாகவே அடங்கிவிடுகின்றன.

நேரம் வீணாகாமல் இருக்க வேண்டுமானால் நூல்களைச் சரியாக வகைப்படுத்த வேண்டும். இதற்கு அவருக்கு வழிகாட்டியது ஒரு விளையாட்டுப் பொருள். லண்டன் கடை ஒன்றில் மெக்கானோ என்ற பொம்மைத் தொகுப்பைப் பார்த்தார். சில பட்டைகள், சில திருகாணிகள். அவற்றை வேறு வேறு விதமாக இணைத்தால் வேறு வேறு பொம்மைகள் கிடைத்தன. அறிவுத் துறைகளையும் இப்படிப் பிரித்துச் சேர்க்கலாமே என்று கணித ஆசிரியரின் மனம் எண்ணியது. அதிலிருந்து பிறந்து 1933ஆம் ஆண்டு வெளிவந்ததுதான் கோலன் பகுப்புமுறை. கூறுகளை இணைக்கும் முக்காற்புள்ளியே அதற்குப் பெயரானது.

ஓர் எடுத்துக்காட்டைப் பார்ப்போம். மலேசியத் தமிழ்ப்பள்ளிகளில் தொடக்க வகுப்புகளுக்குக் கணிதம் கற்பிக்கும் முறை குறித்து நீங்கள் ஆய்வேடு எழுதுகிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். தலைப்பை முழுதாகத் தட்டச்சு செய்து தேடினால் ஒன்றும் வராமல் போகலாம். ரங்கநாதன் காட்டிய வழியில் அதைக் கூறுகளாக உடைத்துப் பாருங்கள். யாருக்கான கல்வி? தொடக்கப்பள்ளி மாணவர்களுக்கு. என்ன பாடம்? கணிதம். எந்தச் செயல்? கற்பித்தல். எங்கே? மலேசியாவில். எந்தக் காலம்? கடந்த 10 ஆண்டுகள். ஒவ்வொரு கூறாகச் சேர்த்தும் நீக்கியும் தேடினால், முதலில் கண்ணில் படாத கட்டுரைகள் வரிசையாக வந்து நிற்கும். இன்றைய நூலகத் தேடுதளங்களில் ஆண்டு, மொழி, பொருள் என்று வடிகட்டிகள் இருக்கின்றனவே, அவற்றுக்குப் பின்னாலும் இதே சிந்தனைதான்.

பல்கலைக்கழக மாணவர்களோடு அவருடைய அக்கறை நின்றுவிடவில்லை. 1931ஆம் ஆண்டு மன்னார்குடிப் பகுதியில் கனகசபைப் பிள்ளை என்பவர் மாட்டுவண்டியில் நூல்களை ஏற்றிக் கிராமம் கிராமமாகக் கொண்டு சென்றார். அந்த நடமாடும் நூலகத்தைத் தொடங்கி வைத்தவர் ரங்கநாதன். பள்ளி, கல்லூரி நூலகங்களுக்கென்றே 1942ஆம் ஆண்டு ஒரு நூல் எழுதினார். 1948ஆம் ஆண்டு நிறைவேறிய சென்னைப் பொது நூலகச் சட்டத்துக்குப் பின்னால் அவருடைய பல ஆண்டு உழைப்பு இருந்தது. தமிழகச் சிற்றூர்களில் பொது நூலகங்கள் பரவ அந்தச் சட்டம் அடித்தளமானது.

பின்னர் காசி இந்துப் பல்கலைக்கழகத்துக்குச் சென்றார். அங்கே ஏறத்தாழ ஒரு லட்சம் நூல்களைத் தாமே வகைப்படுத்தினார். அடுத்து டில்லிப் பல்கலைக்கழகத்தில் பணியாற்றினார். வாழ்நாளில் சேமித்த ஒரு லட்சம் ரூபாயைச் சென்னைப் பல்கலைக்கழகத்திடம் கொடுத்து, தம் மனைவி சாரதாவின் பெயரும் விளங்க நூலகவியலுக்கு ஒரு பேராசிரியர் இருக்கை அமையச் செய்தார். சம்பளம் போதவில்லை என்பதற்காக நூலகத்துக்குள் நுழைந்தவர், அந்த நூலகம் தந்த பணத்தை அதற்கே திருப்பிக் கொடுத்தார். 1962ஆம் ஆண்டு பெங்களூரில் ஆவணவியல் ஆய்வுப் பயிற்சி மையத்தைத் தொடங்கினார். 1972ஆம் ஆண்டு செப்டம்பர் 27ஆம் நாள் அதே நகரில் காலமானார். இந்தியாவில் ஆகஸ்டு 12ஆம் நாள் அவர் நினைவாக நூலகர் தினமாகக் கடைப்பிடிக்கப்படுகிறது.

மாணவர்களே, ரங்கநாதன் வாழ்ந்து காட்டியதில் நமக்கு ஒரு பாடம் இருக்கிறது. நூலகரை நூல்களுக்குக் காவலாக அவர் நினைக்கவில்லை. வாசகரின் கேள்விக்காகக் காத்திருப்பவர் என்றே நினைத்தார். ஆகவே, அடுத்த முறை நூலகத்துக்குப் போகும்போது நேராக நாற்காலியைத் தேடிப் போகாதீர்கள். முகப்பில் இருக்கும் நூலகரிடம் போய் உங்கள் தலைப்பைச் சொல்லுங்கள். எந்தத் தரவுத்தளத்தில் தேடலாம், வீட்டிலிருந்தே அதை எப்படித் திறப்பது, இங்கே இல்லாத நூலை வேறு நூலகத்திலிருந்து வரவழைக்க முடியுமா என்று கேளுங்கள். அரை மணி நேரம் அவரோடு செலவழித்தால் ஒரு வாரத் தேடல் மிச்சமாகலாம்.

ஆசிரியராகப் போகிறவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நாளை நீங்கள் பணியாற்றும் தமிழ்ப்பள்ளியில் நூல் நிலையத்தின் சாவி உங்கள் கையில் கொடுக்கப்படலாம். அந்தக் கதவை எப்போதும் திறந்து வைப்பீர்களா, பூட்டி வைப்பீர்களா என்பது, இன்று நீங்கள் எத்தனை முறை நூலகத்துக்குள் நுழைகிறீர்கள் என்பதைப் பொறுத்தது.