ஆலன் டூரிங்

எடுத்த பணி இடையில் தடைப்படினும், விட்ட இடத்தை மறவாது மீண்டும் தொடர்வோரே அரிய செயல்களை முடிப்பர். அத்தகையோருள் ஒருவர் கணிப்பொறி அறிஞர் ஆலன் டூரிங்.

இவர்தம் அன்னையார் 1881ஆம் ஆண்டில் கோயம்புத்தூரை அடுத்த போத்தனூரில் பிறந்தவர். சென்னை இருப்புப்பாதைப் பொறியாளர் ஒருவரின் மகளார். தந்தையார் சென்னை மாகாணத்தில் ஆட்சிப்பணி புரிந்தவர். டூரிங் 1912ஆம் ஆண்டு ஜூன் 23ஆம் நாள் இலண்டனில் பிறந்தார். பெற்றோர் இந்தியாவில் இருந்தமையால், குழந்தைப் பருவத்தின் பெரும்பகுதியைப் பிறர் இல்லத்தில் கழித்தார்.

எந்தக் கணக்கிடும் பொறியின் செயலையும், அதன் விதிகளைக் குறித்துக் கொடுத்தால், அவ்வண்ணமே செய்யவல்ல பொதுப்பொறி ஒன்று இயலும் என 1936இல் தம் கட்டுரையில் நிறுவினார். 1939இல் உலகப்போர் மூண்டது. அவர் பிளெட்ச்லி பார்க் என்னுமிடத்தில் பகைவரின் மறைமொழிச் செய்திகளை அறியும் பணியில் ஈடுபட்டார். போர் முடிந்ததும் பழைய எண்ணத்திற்கே மீண்டு, 1945இல் ஏ.சி.இ. என்னும் கணிப்பொறிக்குத் திட்டம் வகுத்தார். ஒரு வேலையினின்று கிளை வேலைக்குச் செல்லும் பொறி, திரும்பவேண்டிய இடத்தைக் குறித்து வைத்தற்கும் அதில் வழி கூறினார்.

எடமலைப்பட்டி புதூரில் பாடம் படிக்கும் சிறுவனை அன்னை அழைத்தால், அவன் புத்தகத்தில் அடையாளம் வைத்து எழுந்து செல்வான். திரும்பியதும் அவ்விடத்தினின்றே தொடர்வான். இன்றைய கணிப்பொறியும் அவ்வாறே செய்கின்றது. விசைப்பலகை முதலியன அதனை இடையில் அழைப்பது குறுக்கீடு எனப்படும்.

ஒரு கணிப்பொறிக்குள் மென்பொருளால் அமைந்த பல கணிப்பொறிகளும் இன்று இயங்குகின்றன. இவை மெய்நிகர்ப் பொறிகள் எனப்படும். இவற்றை மேற்பார்க்கும் மென்பொருள், வரும் குறுக்கீடு எதற்குரியது என ஆய்ந்து, உரிய பொறியிடம் சேர்க்கும். அப்பொறியின் முறை வாராதிருப்பின், அழைப்பைக் காத்துவைத்துப் பின்னர் அளிக்கும். ஓர் அழைப்புத் தவறினும் அதற்காகக் காத்திருக்கும் பணி தேங்கிவிடும். ஒரு பொறி மற்றொன்றாய் நடத்தல் கூடும் என்னும் டூரிங்கின் கருத்தே இதற்கெல்லாம் அடிப்படை.

இத்தகைய பேரறிஞரை, ஆடவரை விரும்பிய இயல்பின் பொருட்டு, 1952இல் அந்நாட்டுச் சட்டம் தண்டித்தது. 1954ஆம் ஆண்டு ஜூன் 7ஆம் நாள், 41 வயதில், அவர் மறைந்தார். 2013இல் அரசியார் மன்னிப்பு வழங்கினார்; இழந்த உயிருக்கு அதனால் மீட்சி இல்லை. அவர் விட்ட பணியைப் பிறர் தொடர்ந்தனர். தடை வருங்கால் தளராமையும், பிறர் வாழ்விற்குத் தடையாகாமையும் அவர் வரலாற்றால் நாம் அறியத்தக்கன.