ஓவியங்களுக்கு உயிரூட்டிய வால்ட் டிஸ்னி



வெண்திரையிலே ஓர் எலி சீழ்க்கையடித்தபடி கப்பலின் சுக்கானைத் திருப்புகின்றது. அதனைக் கண்டு சிறுவரும் பெரியோரும் வாய்விட்டுச் சிரிக்கின்றனர். அந்த எலி உயிருள்ளதன்று. காகிதத்தில் வரைந்த கோடுகளே அது. உயிரற்ற கோடுகள் நடப்பதும் ஆடுவதும் எங்ஙனம்? இவ்வினாவுக்கு விடை காண விழைவோர் வால்ட் டிஸ்னி என்பாரின் வாழ்க்கை வரலாற்றை அறிதல் வேண்டும். அவ்வரலாற்றில் வெற்றியும் உண்டு, தோல்வியும் உண்டு, அவர் புரிந்த தவறும் உண்டு. மூன்றுமே நமக்குப் பாடங்களாகும்.

பிறப்பும் இளமையும்

அமெரிக்க நாட்டின் சிக்காகோ நகரில், 1901ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 5ஆம் நாள், எலியாஸ் - புளோரா இணையருக்கு நான்காவது மகனாக வால்ட் டிஸ்னி பிறந்தார். அவருக்கு நான்கு வயது நிரம்பியபின், 1906இல், குடும்பத்தினர் மிசூரி மாநிலத்திலுள்ள மார்சலின் என்னும் சிற்றூருக்குக் குடிபெயர்ந்து உழவுத் தொழிலை மேற்கொண்டனர். கோழிகளும் பன்றிகளும் குதிரைகளும் சிறுவனின் தோழர்களாயின. கண்ணிற்பட்ட உயிர்களையெல்லாம் அவர் வரையத் தொடங்கினார். அண்டையில் வாழ்ந்த ஓய்வுபெற்ற மருத்துவர் ஒருவர், தம் குதிரையை வரையச் சொல்லிப் பரிசளித்து அவரை ஊக்குவித்தார்.

பண்ணை செழிக்கவில்லை. 1911இல் குடும்பம் கான்சஸ் நகரை அடைந்தது. தந்தையார் செய்தித்தாள் வினியோகத்தை ஏற்றார். ஒன்பது வயதுச் சிறுவனாகிய வால்ட்டும் அவருடைய அண்ணன் ராயும் விடியுமுன் எழுந்து வீடுதோறும் செய்தித்தாள் போட்டனர். பனி கொட்டும் குளிர்காலத்திலும் இப்பணி நின்றதில்லை. இருள் புலருமுன் எழுந்து வேலைக்குச் செல்வதன் அருமை நம் பெற்றோருக்கு நன்கு தெரியும். களைப்பினால் வகுப்பறையில் கண்ணயர்ந்தபோதிலும் வால்ட் ஓவியத்தைக் கைவிடவில்லை. 1917இல் சிக்காகோவுக்குத் திரும்பியபின், பகலில் பள்ளியிலும் இரவில் ஓவியக் கல்லூரியிலும் பயின்றார்.

1918இல், வயதை மறைத்துச் செஞ்சிலுவைச் சங்கத்தில் சேர்ந்தார். முதல் உலகப்போர் ஓய்ந்தபின் பிரான்சு நாட்டை அடைந்து, மருத்துவ ஊர்தியின் ஓட்டுநராகப் பணியாற்றினார். 1919இல் தாயகம் திரும்பினார்.

நூலகம் தந்த கல்வி

கான்சஸ் நகரில் விளம்பர ஓவியராக வேலை பார்த்தபொழுது, அசையும் சித்திரங்களின்பால் அவர் மனம் சென்றது. அக்கலையைக் கற்பிக்கும் பள்ளி எதுவும் அவருக்குக் கிட்டவில்லை. ஆகவே பொது நூலகத்தை நாடினார். அங்கு இரவல் பெற்ற நூலைக் கண்ணுங் கருத்துமாகப் பயின்று, இரவல் வாங்கிய படக்கருவியைக் கொண்டு தாமே சோதனைகள் செய்தார்.

அக்கலையின் அடிப்படை மிக எளியது. சிறுசிறு மாற்றங்களுடன் வரைந்த பல படங்களை விரைவாக ஒன்றன்பின் ஒன்றாகக் காட்டினால், நம் கண் அவற்றைத் தனித்தனியாகக் காண்பதில்லை. தொடர்ந்த ஓர் அசைவாகவே காண்கின்றது. பேசும் திரைப்படத்தில் ஒரு வினாடிக்கு 24 படங்கள் ஓடுகின்றன. அடிப்படை எளிதாயினும் உழைப்போ மிகப் பெரிது. தலைமை ஓவியர் அசைவின் முக்கியமான நிலைகளை மட்டும் வரைவார். அந்நிலைகளுக்கு இடைப்பட்ட படங்களைத் துணை ஓவியர்கள் வரைவார்கள். பின்னர் அவற்றை ஒளி ஊடுருவும் செல்லுலாய்டுத் தாளில் மையால் படியெடுத்து, பின்புறம் வண்ணந் தீட்டி, பின்னணி ஓவியத்தின்மேல் வைத்து, ஒவ்வொன்றாகப் படம் பிடிப்பார்கள்.

தோல்வியும் புது வழியும்

1922இல் தொடங்கிய சொந்த நிறுவனம் அடுத்த ஆண்டே நொடித்துப் போயிற்று. வாடகை கொடுக்கவும் வழியின்றி அலுவலகத்திலேயே உறங்கினார். எனினும் மனந்தளராது 1923இல் ஹாலிவுட் சென்று, அண்ணன் ராயுடன் சேர்ந்து புதிய நிறுவனத்தைத் தோற்றுவித்தார். 1925இல், தம் நிறுவனத்தில் மையிடும் பணி புரிந்த லில்லியன் என்பாரை மணந்தார்.

1927இல் அவர்கள் படைத்த ஆஸ்வால்ட் என்னும் முயல் பெரும்புகழ் பெற்றது. அடுத்த ஆண்டு, படங்களுக்குக் கூடுதல் தொகை கேட்டு வால்ட் நியூயார்க் சென்றார். அங்கே இடிபோன்ற செய்தி காத்திருந்தது. முயலின் உரிமை ஒப்பந்தப்படி அவருடையதன்று. அதனை வெளியிட்ட நிறுவனத்துக்கே உரியது! அவரிடம் பணி செய்த ஓவியர் பெரும்பாலோரும் எதிர்த் தரப்பாருடன் ஒப்பந்தம் செய்துகொண்டனர். தம் கையால் உருவான படைப்பைத் தமதென்று சொல்ல அவருக்கு உரிமையில்லாது போயிற்று. கையொப்பமிடுமுன் ஒப்பந்தத்தைப் படித்துணர வேண்டும் என்னும் பாடத்தை அவர் பெருவிலை கொடுத்துக் கற்றார்.

அந்நாளில் அவரை விட்டு நீங்காத நண்பர் ஐவர்க்ஸ் என்னும் ஓவியராவார். அவருடைய கைவண்ணத்தில் உருவானதே மிக்கி எலி. நாள்தோறும் நூற்றுக்கணக்கான படங்களை அவர் ஒருவரே வரைந்து குவித்தார். 1928ஆம் ஆண்டு நவம்பர்த் திங்கள் 18ஆம் நாள், படத்தோடு ஒலியும் பொருந்தி வரும் வண்ணம் அமைந்த மிக்கியின் படம் நியூயார்க்கில் திரையிடப்பட்டது. சீழ்க்கையடித்த அந்த எலி உலகெங்கும் புகழடைந்தது. மிக்கிக்குப் பல ஆண்டுகள் குரல் கொடுத்தவர் வால்ட் டிஸ்னியே. இம்முறை உரிமையைக் கைவிடாது காத்துக்கொண்டார்.

நீண்ட படம்

அக்காலத்துச் சித்திரப் படங்கள் சில நிமிடங்களில் முடிவன. வால்ட்டோ முழுநீளச் சித்திரப் படம் எடுக்கத் துணிந்தார். திரையுலகினர் பலர் நகைத்தனர். அவர் தம் வீட்டையும் அடகு வைத்தார். ஏறத்தாழ 15 இலட்சம் அமெரிக்க வெள்ளி செலவில் உருவான வெண்பனி இளவரசியும் ஏழு குள்ளர்களும் பற்றிய படம், 1937ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 21ஆம் நாள் முதன்முதலாகத் திரையிடப்பட்டது. மக்கள் சிரித்தனர், கண்ணீரும் வடித்தனர்.

மாணவர்களே, ஒரு கணக்குப் போடுவோம். அப்படம் 83 நிமிடங்கள் ஓடும். 83ஐ 60ஆல் பெருக்கினால் 4,980 வினாடிகள். அதனை 24ஆல் பெருக்கினால் 1,19,520! அத்தனை முறை படச்சுருளில் ஒளி பதிய வேண்டும். இது தனி ஒருவரால் ஆகக்கூடிய செயலா? நூற்றுக்கணக்கானோர் பல்லாண்டு உழைத்தனர். மையிட்டு வண்ணந் தீட்டியோருள் பெரும்பாலோர் இளம்பெண்கள். படத்துக்காக வால்ட்டுக்குச் சிறப்புப் பரிசாக ஒரு பெரிய ஆஸ்கார் சிலையும் ஏழு சின்னஞ்சிறு சிலைகளும் வழங்கப்பெற்றன.

உழைப்போர் உரிமைக் குரல்

எனினும் உழைத்த கைகள் நிறைவடையவில்லை. சிலருக்கு உயர்ந்த சம்பளமும் பலருக்கு மிகக் குறைந்த சம்பளமும் வழங்கப்பட்டன. பலருடைய பெயர்கள் திரையில் இடம்பெறவில்லை. ஓவியர்கள் தொழிற்சங்கம் அமைக்க முற்பட்டதை வால்ட் விரும்பவில்லை. சங்கப் பணியில் முன்னின்ற ஓவியர் ஒருவர் வேலை நீக்கம் செய்யப்பட்டார். அதன்பின், 1941ஆம் ஆண்டு மே மாத இறுதியில் வேலைநிறுத்தம் வெடித்தது. அரசாங்கத்தார் நடுவராக நின்ற பின்னரே சங்கம் ஏற்றுக்கொள்ளப்பட்டது, சம்பளமும் உயர்ந்தது. ஆயினும் திறமிக்க ஓவியர் பலர் நிறுவனத்தை விட்டு நீங்கினர். பழைய நட்புறவு மீண்டும் முழுமையாக மலரவில்லை.

தம் படைப்பின் உரிமையை இழந்து வருந்திய ஒருவர், தம்மிடம் உழைத்தோரின் உரிமையைக் காலத்தே உணரத் தவறியது வருந்தத்தக்கதாகும். சான்றோர் வரலாற்றில் குறைகளை மறைக்காமல் கூறுவதே நேர்மையாகும்.

பின்னாளில் அவர் 1955ஆம் ஆண்டு ஜூலைத் திங்கள் 17ஆம் நாள் கலிபோர்னியாவில் டிஸ்னிலாந்து என்னும் கேளிக்கைப் பூங்காவைத் திறந்து வைத்தார். நெடுங்காலம் புகைபிடித்து வந்த அவர், நுரையீரல் புற்றுநோயால் 1966ஆம் ஆண்டு டிசம்பர்த் திங்கள் 15ஆம் நாள் தம் 65ஆம் வயதில் மறைந்தார். அவர் இழந்த ஆஸ்வால்ட் முயலின் உரிமை, 2006இல், 78 ஆண்டுகளுக்குப் பின், அவருடைய நிறுவனத்துக்கே திரும்பி வந்தது.

கணினி வந்த பின்

அவர் மறைந்தபின் இக்கலையில் கணினி புகுந்தது. 1990ஆம் ஆண்டளவில் டிஸ்னி நிறுவனத்தார் மையிடும் பணியையும் வண்ணந் தீட்டும் பணியையும் கணினிக்கு மாற்றினர். 1995இல் பிக்சார் நிறுவனம் உருவாக்கிய டாய் ஸ்டோரி, முற்றிலும் கணினியால் ஆக்கப்பட்ட முதல் முழுநீளப் படமாக வெளிவந்தது.

கணினி செய்வது யாது? கலைஞர் முதலில் கணினியில் ஓர் உருவத்தை அமைப்பார். அதனுள் எலும்புக்கூடு போன்ற மூட்டுகளைப் பொருத்துவார். முதல் வினாடியில் கை கீழே இருக்க வேண்டும், இரண்டாம் வினாடியில் மேலே இருக்க வேண்டும் என்று முக்கிய நிலைகளை வரையறுப்பார். இடைப்பட்ட நிலைகளைக் கணினி கணக்கிட்டு நிரப்பும். அன்று துணை ஓவியர் செய்த வேலையை இன்று கணினி செய்கின்றது.

ஆயினும் கணினி தானாக நிரப்பும் அசைவு பெரும்பாலும் பொம்மையின் அசைவுபோல் உயிரற்றுத் தோன்றும். மேலெழும் பந்து உச்சியை நெருங்குகையில் வேகம் குறையும்; கீழிறங்குகையில் வேகம் கூடும்; தரையில் மோதுகையில் சற்றே நசுங்கும். இவற்றைக் கூர்ந்து நோக்கிக் கணினிக்கு உணர்த்துவது மனிதரின் கண்ணும் மனமுமே. குதிரையை உற்றுநோக்கி வரைந்த அச்சிறுவனின் பயிற்சி இன்றும் தேவைப்படுகின்றது.

நீங்களும் செய்து பாருங்கள்

பழைய பயிற்சிப் புத்தகம் ஒன்றை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் ஓரத்தில், 24 தாள்களில், துள்ளும் பந்து ஒன்றைத் தாளுக்குத் தாள் சிறிது நகர்த்தி வரையுங்கள். உச்சியில் பந்துகளை நெருக்கமாகவும், தரையை அணுகுகையில் தள்ளித் தள்ளியும் வரையுங்கள். பின்னர்த் தாள்களை விரலால் விரைந்து புரட்டுங்கள். பந்து துள்ளக் காண்பீர்கள்! நண்பர் துணையுடன் செய்தீர்களாயின், அவருடைய பெயரையும் அட்டையில் எழுத மறவாதீர்கள்.

விடாமுயற்சியால் உயர்ந்தவர் வால்ட் டிஸ்னி. பல கைகள் கூடியதால் உயர்ந்தது அவர் கலை. இவ்விரு உண்மைகளையும் நெஞ்சில் நிறுத்தி, கற்போம், உழைப்போம், உடன் உழைப்போரைப் போற்றுவோம்!