திப்புவின் போர்வாணம்

ஓசூர் இன்று ஊர்திகளும் பொறிகளும் செய்யும் தொழில்நகரம். அங்கிருந்து கிருட்டிணகிரிக்குச் செல்வோர் கண்முன் செங்குத்தான பாறைமலையும் அதன்மேல் பழைய கோட்டையும் தோன்றும். பதினெட்டாம் நூற்றாண்டில் இந்நிலப்பகுதி, மைசூர் அரசும் ஆங்கிலக் கும்பினியும் பொருத போர்க்களமாய் இருந்தது. அப்போர்களில் புகழ்பெற்றவர் திப்பு சுல்தான்.

திப்பு, பெங்களூரை அடுத்த தேவனஹள்ளியில் பிறந்தார். தந்தையார் ஐதர் அலி. கல்வியும் போர்ப்பயிற்சியும் பெற்ற திப்பு, இளமையிலேயே படை நடத்தினார். 1780ஆம் ஆண்டு செப்டம்பர் 10ஆம் நாள் காஞ்சிபுரத்தை அடுத்த பொள்ளிலூரில் பெய்லியின் ஆங்கிலப் படை மைசூர்ப் படையால் வளைக்கப்பட்டது. பீரங்கிக் குண்டுகளோடு வாணங்களும் சீறிப் பாய்ந்தன. ஆங்கிலேயரின் வெடிமருந்து வண்டிகள் வெடித்துச் சிதறின, பெய்லி சிறைப்பட்டார்.

திருவிழாக்களில் எழும் வாணத்திற்குத் தாளோ மூங்கிலோ உறையாகும். மைசூர்க் கம்மியர் இரும்புக் குழாயை உறையாக்கினர். மருந்து எரிவதால் உண்டாகும் வளியின் பேரழுத்தத்தை இரும்பு தாங்கும். ஆதலின் மருந்தை இறுகச் செறிக்க முடிந்தது. நேரே செல்லும் பொருட்டு நீண்ட மூங்கிற்கழி பிணைக்கப்பட்டது. அவ்வாணம் ஒரு கிலோமீட்டருக்கு அப்பாலும் சென்று தாக்கியது.

வாணம் பின்னாலுள்ள காற்றை உதைத்து எழுகிறது என்று கருதுவோர் உளர். அஃது உண்மையன்று, காற்றில்லா வெளியிலும் வாணம் செல்லும். குழாயினின்று வளி எவ்வளவு விசையோடு பின்னோக்கித் தள்ளப்படுகிறதோ, அவ்வளவு விசை வாணத்தை முன்னோக்கித் தள்ளுகிறது. 1687இல் நியூட்டன் வெளியிட்ட மூன்றாம் விதி இதுவே. பீரங்கிக் குண்டை மருந்தின் விசை குழலுக்குள் மட்டுமே தள்ளும். வாணத்தையோ மருந்து தீருமளவும் தள்ளிக்கொண்டே இருக்கும். அதனால் அதன் வேகம் நொடிதோறும் பெருகும். இப்பெருக்கமே முடுக்கம் எனப்படும். மருந்து எரிய எரிய வாணத்தின் நிறை குறைவதால், விசை மாறாதிருப்பினும் முடுக்கம் வளரும்.

1782இல் ஐதர் அலி மறைய, திப்பு அரசரானார். வாணப் படையைப் பெருக்கினார். 1791இல் மேக்சுவெல் என்பாரின் தலைமையில் ஆங்கிலப் படை கிருட்டிணகிரிக் கோட்டையைத் தாக்கியது. காவலர் மலையுச்சியினின்று பெரும்பாறைகளை உருட்டிவிட்டனர். புவியின் ஈர்ப்பு விசை இடைவிடாது இழுத்தலால், உச்சியில் மெல்ல அசைந்த பாறை அடிவாரத்தில் இடியெனப் பாய்ந்தது. தாக்கியோர் பின்வாங்கினர்.

எனினும் போர் திப்புவுக்கு மாறாக முடிந்தது. 1792இல் கிருட்டிணகிரி உள்ளிட்ட பாராமகால் நாட்டையும், தம் அரசில் ஏறத்தாழப் பாதியையும் இழந்தார். இளஞ்சிறுவரான மைந்தர் இருவரைப் பிணையாக அனுப்பினார். 1799ஆம் ஆண்டு மே 4ஆம் நாள் சீரங்கப்பட்டணக் கோட்டையில் போரிட்டு மாண்டார்.

மைசூர் வாணங்கள் இங்கிலாந்து சென்றன. காங்கிரீவ் என்பார் அவற்றை ஆராய்ந்து புதியன செய்தார். வில்லியம் மூர் என்னும் கணித ஆசிரியர், நிறை குறைந்துவரும் வாணத்தின் இயக்கத்தை நியூட்டன் விதிகளால் கணக்கிட்டு 1813இல் நூலாக வெளியிட்டார். மைசூர்க் கம்மியர் கைப்பழக்கத்தால் செய்ததனை மேனாட்டார் கணக்காக்கி எழுதினர். எழுதப்பட்ட அறிவு வளர்ந்தது. கையோடு நின்ற திறன் அரசு வீழ்ந்தபோது தளர்ந்தது. 2018இல் கருநாடகத்தின் நகரா என்னும் ஊரில், வற்றிய கிணறொன்றினின்று ஆயிரத்துக்கு மேற்பட்ட வாணக் குழாய்கள் துருவேறிய நிலையில் எடுக்கப்பட்டன.

1960களில் இராமேசுவரத்துப் பிறந்த அப்துல் கலாம், பயிற்சிக்காக அமெரிக்காவின் வாலப்சு ஏவுதளத்திற்குச் சென்றார். திப்புவின் வாணப்படையைக் காட்டும் ஓவியம் ஒன்று அங்கே மாட்டப்பட்டிருக்கக் கண்டு வியந்தார். தாய்நாடு மறந்ததனை அயல்நாடு போற்றியிருந்தது. இந்தியா பின்னர்த் தானே ஏவூர்திகளைக் கணித்து, செய்து, விண்ணில் செலுத்தியது.

கைத்திறனும் நூலறிவும் ஒருங்கே அமைந்த இடத்திலேயே ஆக்கம் நிலைபெறும். கிருட்டிணகிரி மலையடியில் விசையும் முடுக்கமும் பயிலும் மாணவர் இதனை உளங்கொள்வாராக.