தறிக்குக் கணக்குப்பிள்ளை வைத்தவர்

கும்பகோணத்தை அடுத்த திருபுவனம், பட்டுக்குப் பெயர்போன ஊர். அங்கே நெய்யப்படும் சேலைகளுக்கு 2019-ல் புவிசார் குறியீடும் கிடைத்தது. சௌராஷ்டிர நெசவாளர்கள் தலைமுறை தலைமுறையாக நெய்துவரும் அந்த ஊரில், தறிக்கு மேலே ஒரு பெட்டி உட்கார்ந்திருப்பதைக் காணலாம். அதிலிருந்து துளையிட்ட அட்டைகள் மாலைபோல் கோத்துத் தொங்கும். "ஜக்கார்டு பெட்டி" என்று அதற்குப் பெயர். ஜக்கார்டு என்பது ஒரு மனிதரின் பெயர் என்பது பலருக்குத் தெரியாது.

ஜோசப் மரி ஜக்கார்டு, பிரான்சு தேசத்தின் பட்டு நகரமான லியோனில் 1752-ம் ஆண்டு பிறந்தார். தந்தை நெசவாளர். தகப்பனார் வைத்துவிட்டுப் போன சொத்தை ஜக்கார்டு காப்பாற்றவில்லை. கடனில் எல்லாம் கரைந்தது.

கயிறு இழுத்த சிறுவர்கள்

அக்காலத்தில் பூ வேலைப்பாடு உள்ள பட்டு நெய்வது இருவர் வேலை. நெசவாளர் நாடாவை ஓட்டுவார். பக்கத்தில் ஒரு சிறுவனோ பெண்ணோ நின்று, ஒவ்வொரு ஊடைக்கும் எந்தெந்தப் பாவு இழைகள் மேலே எழ வேண்டுமோ, அவற்றின் கயிறுகளை இழுக்க வேண்டும். வரிசைக் கணக்கு ஒன்று பிசகினாலும் பூவின் இதழ் உடைந்துவிடும். நாள் முழுதும் பாரமான கயிறுகளை இழுத்து இழுத்து, வளரும் பிள்ளைகளின் உடம்பே வளைந்து போயிற்று.

இதற்கு வழி தேடியவர் ஜக்கார்டு ஒருவரே அல்ல. 1725-ல் பூஷோன் துளையிட்ட காகிதத்தைக் கொண்டு இழைகளைத் தேர்ந்தெடுத்தார். அவருக்குப் பின் பால்கோன் அட்டைகளைக் கோத்தார். 1745-ல் வோகான்சோன் தானாக இயங்கும் தறி ஒன்றைச் செய்தார். எதுவும் ஊரில் பரவவில்லை.

புரட்சியும் புத்திர சோகமும்

1789-ல் பிரெஞ்சுப் புரட்சி வெடித்தது. 1793-ல் லியோன் முற்றுகையிடப்பட்டபோது, நகரைக் காக்க நின்றவர்களில் ஜக்கார்டும் ஒருவர். பிறகு அவர் மகனோடு படையில் சேர்ந்தார். மகன் போரில் மாண்டான். தகப்பன் தனியே ஊர் திரும்பினார்.

அந்தத் துயரத்திலும் அவர் தறியை மறக்கவில்லை. 1801-ல் பாரிஸ் பொருட்காட்சியில் தமது தறி ஒன்றை வைத்தார். பின்னர் பாரிசுக்கு அழைக்கப்பட்டு, அங்கிருந்த வோகான்சோனின் பழைய தறியை ஆராய்ந்தார். முன்னோர் விட்ட இழைகளையெல்லாம் ஒன்றாக முடிந்து, 1804-ல் தமது இயந்திரத்தை உருவாக்கினார்.

ஓர் அட்டை, ஓர் ஊடை

அதன் சூட்சுமம் எளிது. ஓர் அட்டை ஓர் ஊடைக்கு. துளை உள்ள இடத்தில் ஊசி நுழையும். அதற்குரிய கொக்கி இழையைத் தூக்கும். துளை இல்லாவிட்டால் ஊசி தள்ளப்படும். இழை கீழேயே நிற்கும். மிதியை மிதித்தால் அடுத்த அட்டை வரும். 200 ஊடையில் முடியும் பூவுக்கு 200 அட்டைகள். மாலை சுற்றி வந்ததும் அதே பூ மறுபடி தொடங்கும்.

நெசவாளர் எழுந்து போய்ச் சாப்பிட்டு வந்தாலும், விட்ட வரிசையில் அட்டை காத்திருக்கும். ஆனால் பிழை நேர்ந்து நாலு ஊடையைப் பிரித்தால், நாலு அட்டையையும் பின்னுக்குத் திருப்ப வேண்டும். நெல் மூட்டையை எண்ணிக் கோடு போடும் கணக்குப்பிள்ளை போல, அட்டை வரிசையைக் காத்து நிற்கிறது.

வயிற்றில் அடித்தவரா?

லியோன் நெசவாளர் கொதித்தெழுந்தார்கள். கயிறு இழுத்தே கஞ்சி குடித்த குடும்பங்கள் என்ன செய்யும்? ஜக்கார்டைத் துரோகி என்றார்கள். தறி தெருவில் உடைக்கப்பட்டதாகவும், அவர் உயிருக்கே ஆபத்து வந்ததாகவும் சொல்வதுண்டு. அவர்கள் பயத்தைப் பொய் என்று தள்ள முடியாது. பசி யந்திரத்தின் அருமையை அறியாது.

1805-ல் நெப்போலியன் சக்கரவர்த்தி லியோனுக்கு வந்து தறியைப் பார்த்தார். இயந்திரம் பொதுச் சொத்தாயிற்று. ஜக்கார்டுக்கு உபகாரச் சம்பளமும், தறி ஒன்றுக்கு ஒரு சிறு தொகையும் கிடைத்தன. ஆயினும் இயந்திரத்தில் குறைகள் இருந்தன. 1815-ல் பிரெதோன் என்பவர் அவற்றைத் திருத்திய பிறகே அது நன்றாக ஓடியது.

1834-ல், லியோனை அடுத்த ஊலான் என்ற ஊரில் ஜக்கார்டு காலமானார். 1839-ல் அவரது உருவப்படத்தையே பட்டில் நெய்தார்கள். அதற்குச் சுமார் 24,000 அட்டைகள் தேவைப்பட்டன. அதன் பிரதி ஒன்றை வைத்திருந்த ஆங்கிலேயர் பாபேஜ், கணக்குப் போடும் இயந்திரத்துக்கும் அட்டைகளையே திட்டமிட்டார். 1890-ல் அமெரிக்க மக்கள்தொகைக் கணக்கும் துளை அட்டைகளால் எண்ணப்பட்டது. பிற்காலத்துப் பின்னல் இயந்திரங்களும் பூப்போட அட்டையையே நாடின.

1840-ல் லியோனில் அவருக்குச் சிலை வைத்தார்கள். எந்த ஊர் அவரைத் துரோகி என்றதோ, அதே ஊர்! கயிறு இழுத்த பிள்ளைகளுக்குச் சிலை ஏதும் இல்லை. ஆனால் அவர்கள் முதுகிலிருந்து இறங்கிய பாரத்தைத்தான், ஒவ்வோர் அட்டையும் இன்று சுமந்து நிற்கிறது.