திறையரசன் எதிர்மன்னசிங்கன்

கடல் கடந்து ஆளும் பேரரசு, தான் வென்ற நாடுகள் எல்லாவற்றிலும் தன் படையை நிறுத்தல் இயலாது. ஆதலின், அந்நாட்டு அரசகுலத்தான் ஒருவனையே அரியணையில் இருத்தி, அவனைக் கொண்டு தன் அயலாரை அடக்குதல் அதன் வழக்கம். அவ்வழக்கத்தின் பயனையும் இடரையும் நல்லூரிலிருந்து யாழ்ப்பாணத்தை ஆண்ட எதிர்மன்னசிங்க பரராசசேகரனின் வாழ்க்கையிற் காண்கின்றோம்.

1560 இல் மன்னாரைக் கைக்கொண்ட போர்த்துக்கேயர், 1591 இல் அந்திரே பூர்த்தாதோ என்னும் தளபதியின் தலைமையில் நல்லூரைத் தாக்கினர். மன்னன் புவிராசபண்டாரம் மாண்டான். போரிற் காயமுற்ற எதிர்மன்னசிங்கனைப் போர்த்துக்கேயர் காத்தனர். பின்னர் அவனுக்கே முடிசூட்டினர். திறை செலுத்துதல், கத்தோலிக்க குருமாரைத் தடையின்றிப் பணிசெய்ய விடுதல் முதலியன அவன் ஏற்ற நிபந்தனைகள்.

போர்த்துக்கேயர் அவனிடம் எதிர்பார்த்தது திறைப்பொருளினும் பெரிது. அவர்களுக்கு அடங்காது எஞ்சிய அரசு கண்டி. தென்னிந்தியாவிலிருந்து அதற்குப் படைத்துணை செல்லத்தக்க வழிகளுள் ஒன்று யாழ்ப்பாணம். நல்லூரில் நண்பன் ஒருவன் இருப்பின் அவ்வழி அடைபடும் என்று அவர்கள் கணக்கிட்டனர்.

அக்கணக்குப் பிழைத்தது. எதிர்மன்னசிங்கன் வெளிப்படையாகப் பகைத்தானல்லன், திறையும் செலுத்தினான். எனினும், குருமாரின் பணிக்கு ஊக்கமளியாதிருந்தான். கண்டி மன்னன் விமலதர்மசூரியனுக்குச் செல்லும் உதவி தன் நாட்டினூடே செல்லவும் மறைவில் இடமளித்தான். அவனை நீக்குமாறு ஐரோப்பாவிலிருந்து கட்டளை பிறந்தபோதும் கோவாவிலிருந்த அதிகாரிகள் அதனை நிறைவேற்றவில்லை. பெருந்தொல்லை தராத மன்னனை நீக்கிப் புதுப்போர் ஒன்றை வருவித்துக்கொள்ள அவர்கள் விரும்பவில்லை போலும். இங்ஙனம் ஏறக்குறைய கால் நூற்றாண்டு தன் அரசைக் காத்து அவன் மறைந்தான்.

அவன் மைந்தனோ பாலகன். 1617 இல் ஆட்சியைக் கவர்ந்த சங்கிலி குமாரன் தஞ்சை நாயக்கரின் துணையை நாடினான். பொறுமையிழந்த போர்த்துக்கேயர் 1619 இல் பிலிப் டி ஒலிவேராவை அனுப்பி நாட்டை நேராகவே தம் ஆட்சிக்குட்படுத்தினர். சங்கிலி கோவாவிற்குக் கொண்டுசெல்லப்பட்டு மரணதண்டனை பெற்றான்.

வாளேந்தி வீழ்ந்தவரைப் போற்றும் நாம், வளைந்து கொடுத்து வாழ்ந்தவனை எளிதில் மறந்துவிடுகின்றோம். மாற்றானால் முடிசூட்டப்பெற்றவன் என்னும் பழி எதிர்மன்னசிங்கனுக்கு உண்டு; அதனை நாம் மறைக்க வேண்டுவதில்லை. ஆயினும், அவன் பணிவினாற் பெற்ற கால் நூற்றாண்டில் நல்லூரில் தமிழரசு நிலைத்தது என்பதையும் மாணவர் மனங்கொள்ளல் வேண்டும். அவனது வலிமை, பேரரசிற்குத் தான் தேவைப்படும் வரையே நிலைக்கும் வலிமை. அத்தேவை ஒழிந்தவுடன் அரசும் ஒழிந்தது.